புற்றுநோயையும் குருத்தணுவையும் ஒரே பாடமாக நடத்துவது எப்படி?

இந்தப் பாடத்தை முதல் முறை எடுத்தபோது நான் புற்றுநோயில் தொடங்கினேன். கட்டிகளின் படங்கள், கருத்துப்போன நுரையீரல், பயமுறுத்தும் எண்கள் என்று வரிசையாகக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வகுப்பு இறுகிப்போனது. பின்வரிசையில் ஒரு மாணவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் குருத்தணு (ஸ்டெம் செல்), அதாவது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வேறு வகைச் செல்களையும் உருவாக்கும் செல், பற்றிய பாடம் வந்தது. அதை அற்புத மருத்துவம் என்ற தொனியில் சொல்லி முடித்தேன். முந்தைய வாரப் பாடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான்: இந்தச் செல் இப்போது பிரியலாமா, அதற்கு யார் அனுமதி கொடுத்தது? குருத்தணு அனுமதி கேட்டுப் பிரிகிறது. புற்றுச்செல் கேட்காமல் பிரிகிறது. இப்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன், கடைசி வகுப்பு வரை அழிப்பதில்லை. ஐந்து வகுப்புகள் போதும். ஆய்வகத்துக்கு இன்னொன்று கிடைத்தால் நல்லது.

படி 1: வகுப்புக்குப் போகும் முன்

இரண்டு நாள் முன்னதாகவே தலைப்பைச் சொல்லிவிடுங்கள். யாருக்காவது சங்கடமாக இருந்தால் தனியாக வந்து பேசலாம், நடுவில் எழுந்து வெளியே போனாலும் ஏன் என்று கேட்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். “உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?” என்று கை தூக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். ஆர்வத்தைத் தூண்டுவதாக நினைத்து நாம் கேட்போம். அது வேறெங்கோ போய்க் குத்தும்.

ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு மேசையில் வையுங்கள். பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடட்டும். தன் தாத்தா பிழைப்பாரா என்று ஒரு பிள்ளை நேரடியாகக் கேட்டால் மழுப்பவும் கூடாது, ஆறுதலுக்காக ஏதாவது சொல்லவும் கூடாது. “அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்” என்பதே நேர்மையான பதில்.

அடுத்தது சொற்கள். ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்கிறோம். நல்ல சொல்தான், குருத்து என்றவுடன் இனி இலையாக விரியப்போவது என்பது புரிந்துவிடும். ஆனால் ‘அணு’ என்பதை வேதியியல் வகுப்பின் அணுவோடு குழப்பிக்கொள்பவர்கள் எல்லா ஆண்டும் இருப்பார்கள். உயிரணுவின் சுருக்கம் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. ‘புற்று’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கறையான் புற்று மனதில் வந்துவிடுவதால், வெளியிலிருந்து ஏதோ ஒன்று புகுந்து அரிப்பதாகப் பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புற்றுச்செல் நம்முடைய செல்தான், அதே டிஎன்ஏவில் சில எழுத்துகள் மாறியது. இதே காரணத்துக்காக அரக்கன், எதிரி போன்ற வார்த்தைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: இதயத்தில் தொடங்குங்கள்

முதல் கேள்வியாக இதைப் போடுங்கள்: குடல், தோல், ரத்தம், நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய் பற்றிக் கேள்விப்படுகிறோம். இதயத்தில் ஏன் அநேகமாகக் கேள்விப்படுவதே இல்லை?

பதிலை உடனே சொல்லாதீர்கள். உடல் தன்னை எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று பேசத் தொடங்குங்கள். நம் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள். சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேல் புதிய சிவப்பணுக்களைச் செய்கிறது. நீங்கள் இந்த எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் பல லட்சம் கடந்திருக்கும். குடலின் உள்வரிச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிடும். தோலின் மேலடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் மாறிவிடும். இதயத் தசைச் செல்களோ வளர்ந்தபின் அநேகமாகப் பிரிவதே இல்லை. நரம்புச் செல்களும் அப்படித்தான். மூளைக்கட்டிகள் பெரும்பாலும் நரம்புச் செல்லிலிருந்து வருவதில்லை, அதைத் தாங்கும் துணைச் செல்களிலிருந்தும் உறைகளிலிருந்தும் வருகின்றன.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், “அப்போ பிரியுற இடத்துலதான் சார் தப்பு நடக்கும்” என்று சொல்லிவிடுவார். சொன்னால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 3: பிரியும் செல்லைக் கண்ணால் பார்க்கட்டும்

வெங்காய வேர்நுனி ஆய்வை மைட்டாசிஸ் (செல் பிரிவு) பாடத்தில் ஏற்கனவே செய்திருப்பார்கள். இங்கே அதை வேறு நோக்கத்துக்காகச் செய்கிறோம். வெங்காயத்தின் அடி தண்ணீரைத் தொடும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் வரும். நுனியை வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் சூடாக வைத்து மென்மையாக்கி, அசிட்டோ கார்மைன் அல்லது அசிட்டோ ஆர்சினில் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டுக்கு நடுவே நசுக்க வேண்டும். அமிலத்தைக் கையாள்வது நீங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் எல்லோருக்கும். அந்த வசதி இல்லையென்றால் ஆயத்தத் தகடுகளே போதும்.

இருநூறு செல்களை எண்ணச் சொல்லி, அதில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று விகிதம் போடச் சொல்லுங்கள். அப்புறம் நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீண்டு முதிர்ந்த பகுதியிலும் எண்ணட்டும். அங்கே பிரிவு அநேகமாக இருக்காது. நுனியில் இருப்பவை செடியின் குருத்தணுக்களும் அவற்றின் சேய்களும், தள்ளி இருப்பவை ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டவை. படம் வரைந்து விளக்க அரை மணி நேரம் எடுப்பதை ஒரு மில்லிமீட்டர் வேர் காட்டிவிடுகிறது.

செல் சுழற்சியின் ஜி1, எஸ், ஜி2, எம் கட்டங்களை இங்கே சுருக்கமாக நினைவுபடுத்தினால் போதும், மனப்பாடம் தேவையில்லை. சோதனைச் சாவடிகள்தான் முக்கியம்: டிஎன்ஏ சேதமா, நகலெடுப்பு முடிந்ததா, குரோமோசோம்கள் சரியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று செல் தன்னைத்தானே நிறுத்திப் பார்க்கிறது. இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டுபிடித்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-ல் நோபல் கிடைத்தது. அவர்கள் வேலை செய்தது ஈஸ்டிலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். மனித நோய்க்கு விடை ஈஸ்டிலிருந்து வந்ததா என்று வியப்பார்கள்.

படி 4: கைதட்டல் விளையாட்டு

எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி இதுதான். ஒரு மாணவரை முன்னால் நிறுத்துங்கள். அவர் குருத்தணு. நீங்கள் ஒரு முறை கைதட்டினால் அவர் ஒரு சேய் செல்லை உருவாக்க வேண்டும், அதாவது இன்னொரு மாணவரை அழைக்க வேண்டும். வந்தவர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்க வேண்டும்: “நான் சிவப்பணு”, “நான் தட்டணு”. போனவர் இனி பிரிய மாட்டார். குருத்தணு அதே இடத்தில் இருக்கும். பத்துக் கைதட்டலுக்குப் பிறகு ஒரு குருத்தணு, பத்து வேலைக்காரச் செல்கள். மொத்தம் 11.

இரண்டாவது சுற்றில் விதியை ஒரே ஒரு இடத்தில் மாற்றுங்கள். சேய் செல் வேலைக்குப் போக மறுக்கிறது. அங்கேயே நின்று, அடுத்த கைதட்டலில் அதுவும் பிரிகிறது. நாலாவது கைதட்டலில் 16 பேர், அதோடு நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் தொடருங்கள். பத்தாவது கைதட்டலில் 1,024. முப்பதாவதில்? முதல் சுற்று விதிப்படி 31. இரண்டாவது விதிப்படி 107 கோடிக்கும் மேல். ஏறக்குறைய 100 கோடி செல்கள் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி, எடை சுமார் ஒரு கிராம்.

இந்த விளையாட்டில் புற்றுச்செல் வேகமாகப் பிரியவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு சுற்றிலும் ஒரே தாளத்தில்தான் கைதட்டினோம். புற்றுச்செல் என்றால் வேகமாகப் பிரிவது என்று பிள்ளைகள் (பல பெரியவர்களும்) நம்புகிறார்கள். ஆனால் மஜ்ஜையிலும் குடலிலும் உள்ள செல்கள் பல புற்றுச்செல்களைவிட வேகமாகப் பிரிகின்றன. முதிர்ந்து வேலைக்குப் போகாததும் நிறுத்தச் சொன்னால் நிறுத்தாததும்தான் கோளாறு. உண்மையான கட்டியில் ஏராளமான செல்கள் செத்தும் போகும், அதனால் முப்பது முறை இரட்டிப்பாகப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முப்பது நாளில் கட்டி வந்துவிடும் என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்.

குருத்தணு இருப்பது எப்படித் தெரியவந்தது என்ற கதையும் இங்கே பொருந்தும். 1960-களின் தொடக்கத்தில் டொரான்டோவில் டில், மக்கல்லாக் இருவரும் கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது மண்ணீரலில் சிறு முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளைத்தது, அதற்குள் பலவகை ரத்தச் செல்கள் இருந்தன. தன்னைப் புதுப்பிப்பது, பலவாக மாறுவது என்று பாடநூல் சொல்லும் இரண்டு குணங்களும் அந்த முடிச்சில் இருக்கின்றன.

படி 5: அனுமதி எப்படிக் கெடுகிறது

ஆக்சிலரேட்டர், பிரேக் உவமையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதைவிடச் சிறந்தது கிடைக்கவில்லை. புற்று தூண்டும் மரபணு, அழுத்தியபடியே மாட்டிக்கொண்ட ஆக்சிலரேட்டர். கட்டி அடக்கும் மரபணு, பிரேக். வித்தியாசம் எண்ணிக்கையில் வருகிறது: ஒரு மரபணுவுக்கு நம்மிடம் இரண்டு பிரதிகள். ஆக்சிலரேட்டர் ஒரு பிரதியில் மாட்டினாலே வண்டி ஓடும். பிரேக் பெரும்பாலும் இரண்டு பிரதியும் போனால்தான் போகும்.

ஆக்சிலரேட்டர் எங்கிருந்து வந்தது? 1911-ல் பெய்ட்டன் ரவுஸ், கோழிக் கட்டி ஒன்றை ஒரு வைரஸ் உண்டாக்குவதைக் காட்டினார். அந்த வைரஸிலுள்ள புற்று மரபணுவைத் தேடிப்போன பிஷப், வார்மஸ் குழு 1976-ல் கண்டது வேறு: அது ஆரோக்கியமான கோழியின் சொந்த மரபணு, வைரஸ்தான் எப்போதோ அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. திருடனைத் தேடினால் நம் வீட்டுச் சாமான் அகப்பட்ட கதை. கறையான் படம் மனதில் மிச்சம் இருந்தால் இதோடு போய்விடும்.

பிரேக்குக்குப் பகடை ஆட்டம். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை கொடுங்கள். ஆறு விழுந்தால் ஒரு பிரதி போயிற்று. முதல் குழுவில் இரண்டு பிரதியும் நன்றாக இருக்கின்றன, இரண்டு ஆறு விழ வேண்டும். இரண்டாம் குழு பிறக்கும்போதே ஒரு பிரதியை இழந்தது, ஒரே ஆறு போதும். எத்தனையாவது வீச்சில் பிரேக் போனது என்று எழுதி வரைபடம் போடுங்கள். சராசரி முதல் குழுவுக்கு 12 வீச்சை ஒட்டியும் இரண்டாவதற்கு 6-ஐ ஒட்டியும் வரும். ஆள் குறைவென்றால் ஆளுக்கு மூன்று முறை ஆடட்டும். 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரைக் கட்டியை வைத்துச் சொன்னது இதைத்தான். பரம்பரையாக ஒரு பிரதியை இழந்த குழந்தைகளுக்குச் சீக்கிரமே, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வந்தது. மற்றவர்களுக்குத் தாமதமாக, ஒரு கண்ணில்.

இதைக் கேட்டதும் எல்லாப் புற்றுநோயும் பரம்பரை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பரம்பரையாகக் கிடைத்த மரபணு மாற்றத்தால் வருவது 5 முதல் 10 சதவீதம்தான். மீதி, வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் சேர்ந்த மாற்றங்கள்: புகையிலை, புற ஊதாக் கதிர், சில வைரஸ்கள், டிஎன்ஏவை நகலெடுக்கும்போது தானாக விழும் பிழைகள்.

பி53 என்ற பிரேக்கை மட்டும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். டிஎன்ஏ சேதமானால் செல்லை நிறுத்துவதும், சரிசெய்ய முடியாவிட்டால் தன்னைத்தானே முடித்துக்கொள்ளச் சொல்வதும் அதன் வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டிருக்கிறது. யானைக்கு இதன் பிரதிகள் சுமார் 20 ஜோடி என்று 2015-ல் தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு ஏன் புற்றுநோய் குறைவு என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். யானை என்றதும் தூங்கிக்கொண்டிருப்பவர்களும் எழுந்துகொள்வார்கள்.

படி 6: கட்டியிலிருந்து நோய் வரை

இதை வேகமாகக் கடந்துவிடலாம். கட்டி எல்லாமே புற்று அல்ல. எல்லையைத் தாண்டி அடுத்த திசுவுக்குள் நுழைந்தால்தான் புற்று. அது தனக்கு ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது, ரத்தத்திலோ நிணநீரிலோ பயணம் செய்து வேறிடத்தில் தங்குகிறது. எலும்பில் போய்த் தங்கிய மார்பகப் புற்று, எலும்புப் புற்று அல்ல, மார்பகச் செல்தான். தேர்வில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேளுங்கள், பாதிப் பேர் தப்பாக எழுதுவார்கள்.

புற்றுநோய் தொற்றுமா என்ற சீட்டு பெட்டியில் நிச்சயம் இருக்கும். தொட்டாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ தொற்றாது. ஆனால் எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) போன்ற சில வைரஸ்கள் தொற்றும். அந்த வைரஸின் இரண்டு புரதங்களில் ஒன்று பி53-ஐ அழிக்கிறது, மற்றது விழித்திரைக் கட்டியில் பார்த்த அதே பிரேக்கை (அதன் பெயர் ஆர்பி) முடக்குகிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கு எச்பிவி காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல். தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது.

ஹென்ரியெட்டா லாக்ஸ் கதையைச் சொல்ல இதுவே இடம். 1951-ல் அவருடைய கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. சாதாரண மனிதச் செல் ஆய்வகத்தில் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக் 1961-ல் காட்டினார். குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்வதே பெரும் காரணம். லாக்ஸின் செல்கள் தேய்ந்ததை நிரப்பும் டெலோமரேஸ் நொதியை இயக்கிக்கொண்டவை. குருத்தணுக்களிலும் அந்த நொதி இருக்கிறது. ‘அனுமதி’ என்ற சொல் இங்கே இன்னொரு பொருளிலும் வந்து நிற்பதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். கால் மணி நேரம் விவாதிக்க விடுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

படி 7: முடி ஏன் கொட்டுகிறது?

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முடி கொட்டுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது நோயால் என்று நினைத்திருப்பார்கள். பழைய கீமோ மருந்துகள் பெரும்பாலும் பிரியும் செல் எதுவானாலும் தாக்கும். மயிர்க்கால், குடல், மஜ்ஜை மூன்றிலும் பிரிவு அதிகம். அதனால் முடி கொட்டும், வாய் புண்ணாகும், ரத்தச் செல்கள் குறையும். மயிர்க்காலில் ஓய்ந்திருக்கும் குருத்தணுக்கள் பொதுவாகத் தப்பிவிடுவதால் முடி மறுபடி வளர்கிறது. படி 2-ன் பட்டியலை இப்போது திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதே தர்க்கம் கட்டிக்குள்ளும் இருக்கலாம். 1990-களில் ஜான் டிக் குழு, ஒருவகை ரத்தப் புற்றில் எல்லாச் செல்களாலும் எலியில் நோயை மறுபடி உண்டாக்க முடியவில்லை, குருத்தணு போன்ற ஒரு சிறு பகுதியால்தான் முடிந்தது என்று காட்டியது. கோரைப்புல்லை மேலே மேலே வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருப்பது போல. ஆனால் எல்லாப் புற்றுக்கும் இது பொருந்துமா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. சில கட்டிகளில் சாதாரணப் புற்றுச்செல்லே திரும்பிக் குருத்தணுபோல் ஆகிவிடுகிறது. இதை முடிந்த உண்மையாக நடத்தாதீர்கள்.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்லுங்கள். 2006-ல் ஷின்யா யமனாகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் போன்ற முதிர்ந்த செல்லைக் கருநிலைக் குருத்தணு போல மாற்றினார், அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும். அந்த நான்கில் ஒன்று சி-மிக், பெயர்பெற்ற புற்று தூண்டும் மரபணு. இப்படி மாற்றிய செல்களிலிருந்து வளர்ந்த எலிகள் சிலவற்றுக்குக் கட்டிகளும் வந்தன. இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

குருத்தணு எல்லா நோயையும் தீர்க்கும் என்ற விளம்பரங்கள் பிள்ளைகள் கண்ணில் படும். நன்கு நிலைபெற்றது ரத்தக் குருத்தணு மாற்றம்தான். அதற்கு வழிவகுத்த டோனல் தாமஸுக்கு 1990-ல் நோபல் கிடைத்தது. தீக்காயத்துக்கு வளர்த்த தோல், கருவிழி ஓரக் குருத்தணு போன்றவையும் பயன்படுகின்றன. மற்ற பல இன்னும் சோதனைக் கட்டத்தில்தான். விளம்பரம் ஒன்றைக் காட்டி, எந்தச் செல், எங்கிருந்து எடுத்தது, யாரோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்கப் பழக்கினால் போதும்.

படி 8: மதிப்பீடு

வரையறை கேட்காதீர்கள். ஒரு நிலைமையைக் கொடுங்கள்: “மஜ்ஜையில் ஒரு செல் பிரிகிறது, ஆனால் அதன் சேய் முதிரவில்லை. அடுத்து என்னென்ன தவறினால் இது நோயாகும்?” வரிசை எப்படி இருந்தாலும், காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண் கொடுங்கள். கைதட்டல் விளையாட்டை எழுத்தில் விவரித்துத் தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கும் கொடுங்கள், அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

கடைசிப் பத்து நிமிடம் கேள்விப் பெட்டிக்கு. எனக்கு வந்த சீட்டுகளிலேயே நல்லது ஒன்று, ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்தில்: “அந்தச் செல்லைக் கொல்லாம, வேலைக்கு அனுப்ப முடியாதா?” முடியும், குறைந்தது ஒரு நோயில். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றில், வெள்ளணுக்கள் பாதி முதிர்ந்த நிலையில் மாட்டிக்கொள்கின்றன. 1980-களில் ஷாங்காயில் வாங் ஜென்யி குழு, வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தது. மாட்டிக்கொண்ட செல்கள் முதிர்ந்து, வழக்கமான ஆயுளை வாழ்ந்து முடிந்தன. பின்னர் ஆர்சனிக் சேர்மம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் மிகக் கொடியது என்று பெயரெடுத்த அந்த நோய் இன்று பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் புற்று போய்விடும் என்று அர்த்தமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.